மலர்க்கொடிக்கு நான் போட்ட முட்டை

புள்ளைங்களுக்கு வாசிக்க வருதா இல்லையான்னு ஊர் ஊராப் போய்ப் பார்க்கிறதும் ஒரு உத்தியோகம்தான்னு எங்க வீட்டுலயே கடைசி வரைக்கும் யாரும் நம்பல. "கவர்மெண்ட் வேலையா?" இல்ல. "டீச்சர் வேலையா?" அதுவும் இல்ல. "அப்புறம் என்ன எழவுக்குடி இந்த வெயில்ல போற?"ன்னு எங்க அம்மா கேட்பாங்க. திருச்சியில ஒரு ஆராய்ச்சி நிலையம் இருந்துச்சு. குழந்தைங்க எப்படிக் கத்துக்கிறாங்க, எந்த வயசுல எவ்வளவு வாசிக்கிறாங்கன்னு அங்க ஒரு ஆய்வு. அதுக்காகப் பெரம்பலூர், அரியலூர் பக்கத்துக் கிராமங்கள்ல வீடு வீடா ஏறி இறங்கினவ நான். ரெண்டாயிரத்து ஒண்ணு, ரெண்டு வாக்குல அதுதான் என் பொழைப்பு. ஜனத்தொகைக் கணக்கு எடுத்தவங்க, ஓட்டர் லிஸ்ட் சரிபார்த்தவங்க, சோப்புத்தூள் சாம்பிள் கொடுத்தவங்கன்னு, கையில ஃபாரமும் தோள்ல பையுமா அடுத்தவங்க வாசல்ல நின்னு நாய்க்குப் பயந்த எல்லாருக்கும் நான் சொல்லப்போறது புரியும்.

என் பையில நாலு அட்டை, ஒரு ஸ்டாப் வாட்ச், ஒரு கட்டு ஃபாரம். முதல் அட்டையில எழுத்து, ரெண்டாவதுல வார்த்தை, மூணாவதுல நாலஞ்சு வரி, கடைசியில ஒரு குட்டிக் கதை. புள்ளை அட்டையைப் பார்த்துச் சத்தமா வாசிக்கணும், நான் நேரம் பார்த்துக் குறிச்சுக்கணும். விதி மூணு. வீட்டுக்காரங்க பக்கத்துல நின்னு எடுத்துக் கொடுக்கக் கூடாது. புள்ளை வாய் திறக்காம நின்னா மனசுக்குள்ள பத்து எண்ணணும், அதுக்குள்ள சத்தம் வரலேன்னா அட்டையை வாங்கிட்டு சைபர் போடணும். மூணாவது, முடிவை யார்கிட்டயும் வாயைத் திறந்து சொல்லக் கூடாது.

அந்த மூணாவது விதியை ஒரே ஒரு தடவைதான் மீறினேன். அதுல ஒரு பொண்ணோட படிப்பு நின்னு போச்சு. அதைச் சொல்லாம எனக்கு ஆறாது. நடுவுல சிரிக்கிற மாதிரியும் சிலது வரும், தப்பா எடுத்துக்காதீங்க.

ஊசி இல்லாத பை

இந்த வேலையில முதல் கஷ்டம் புள்ளையைக் கண்ணுல பார்க்கிறது. பையைத் தோள்ல மாட்டிக்கிட்டு ஒரு பொம்பள தெருவுல நுழைஞ்சா அது ஊசி போடத்தான்னு அந்தப் பக்கத்துல எல்லாப் புள்ளைக்கும் ஒரு முடிவு. வாலிகண்டபுரத்துக்கு அந்தாண்ட ஒரு ஊர்ல நான் தெருமுனையில திரும்பினதும், பம்பரம் விட்டுக்கிட்டிருந்த எட்டுப் பேரும் மாயமா மறைஞ்சுட்டானுங்க. பம்பரம் மட்டும் சுத்திக்கிட்டிருந்துச்சு.

என் லிஸ்ட்ல இருந்த பையன் வைக்கப்போருக்குள்ள பூந்துட்டான். அவங்க அம்மா வெளியில நின்னு கெஞ்சுறாங்க, நான் மிட்டாய் காட்டுறேன், உள்ளேருந்து பேரம் மட்டும் நடக்குது. "பையைத் தொறந்து கொட்டச் சொல்லு." கொட்டினேன். "தண்ணி பாட்டிலையும் தொறக்கச் சொல்லு." தொறந்தேன். அரை மணி நேரம் கழிச்சு, ரெண்டு கையாலயும் ரெண்டு புஜத்தையும் பொத்திக்கிட்டு வெளிய வந்தான். அப்படியே நின்னுக்கிட்டு நாலு அட்டையையும் கடகடன்னு வாசிச்சான் பாருங்க, அசந்துட்டேன்! சபாஷ்னு சொல்லிட்டுக் கிளம்பினேன். பின்னாலயே தெருக்கோடி வரைக்கும் ஓடி வந்தான்.

"ஊசிய எங்க ஒளிச்சு வெச்சிருக்கீங்கன்னு மட்டும் சொல்லிட்டுப் போங்கக்கா, இல்லாட்டி எனக்குத் தூக்கம் வராது."

பாஸா பெயிலா

இப்ப அந்த விஷயம். கல்லங்குறிச்சிக்குப் பக்கத்துல ஒரு சின்ன ஊர். பங்குனி வெயில், மத்தியானம் ரெண்டு மணி. காலையில குடிச்ச டீயோட ஒன்பது வீடு முடிச்சிருந்தேன், பத்தாவது வீடு செல்லமுத்து வீடு. அவரு சுண்ணாம்புக்கல் லாரியில லோடு ஏத்துற ஆளு, கூடவே கொஞ்சம் நிலத்துல பருத்தி. ஒரே பொண்ணு மலர்க்கொடி, அஞ்சாவது. அந்த ஊர்ல பள்ளிக்கூடம் அஞ்சோட சரி, ஆறாவதுக்கு அரியலூருக்கு பஸ் ஏறணும். பொண்ணு கையில அட்டையைக் கொடுத்தேன். கண்ணு அட்டையில ஓடுது, உதடு அசையுது, கழுத்து நரம்பு புடைக்குது, சத்தம் மட்டும் வரல. அவங்க அம்மா தனம், "அவளுக்கு வந்துங்க..."ன்னு ஏதோ ஆரம்பிச்சாங்க. "நீங்க எடுத்துக் குடுக்காதீங்கம்மா! வாயை மூடிக்கிட்டு அந்தாண்ட நில்லுங்க!"ன்னு கத்தினேன். விதி அப்படி, பசியும் அப்படி. பத்து எண்ணினேன். சைபர். அடுத்த அட்டை, மறுபடியும் பத்து, மறுபடியும் சைபர். நாலுக்கும் நாலு முட்டை.

ஃபாரத்தை மடிக்கும்போது செல்லமுத்து வந்தாரு. அந்தப் பக்கத்துல யாரு வந்து புள்ளையை என்ன கேட்டுட்டுப் போனாலும் பெத்தவங்களுக்குத் தெரிய வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான், பாஸா பெயிலா. "அதெல்லாம் சொல்லக் கூடாதுங்க." "எம்புள்ளையப் பத்தி எங்கிட்டயே சொல்லக் கூடாதா?" "இது ஆராய்ச்சிங்க." "ஆராய்ச்சின்னா என்னங்க, பாஸா பெயிலா?" மூணு தடவை கேட்டாரு. நாலாவது தடவை என் கோபம் என்னை மீறிடுச்சு. "உங்க பொண்ணுக்கு ஒரு எழுத்துகூட வாசிக்க வரலீங்க, போதுமா?"ன்னு சொல்லிட்டேன். அந்தப் பொண்ணு நிமிர்ந்து என்னை ஒரு பார்வை பார்த்துட்டு உள்ள போயிருச்சு. அவரு துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டு, கோபமே இல்லாம, நன்றி சொல்ற மாதிரி சொன்னாரு:

"நல்லதாப் போச்சு டீச்சரம்மா, அரியலூருக்கு அனுப்பி ஒரு வருஷம் வீணாக்க இருந்தேன்."

திருவிழாவில் பரவிய கதை

நான் சொன்னது எவ்வளவு பெரிய வார்த்தைன்னு அப்ப எனக்கு உறைக்கல. ராத்திரி படுக்கும்போது அந்தப் பொண்ணு பார்த்த பார்வை மட்டும் கண்ணுக்குள்ள வந்துச்சு. காலையில அடுத்த ஊரு, அடுத்த லிஸ்ட்டு, மறந்துட்டேன்.

அந்த மாசமே கல்லங்குறிச்சி கோயில் திருவிழா. சுத்துப்பட்டுப் புள்ளைங்க அத்தனையும் அங்கதான். திருவிழா முடிஞ்ச கையோட நான் போன ஊர்கள்ல ஒரு அதிசயம். தொட்டதெல்லாம் நூத்துக்கு நூறு! கதை அட்டையைக் கையில கொடுக்கிறதுக்குள்ள வாசிச்சு முடிக்கிறாங்க. என்கூட வேலை பார்த்த ஆரோக்கியம் வரதராஜன்பேட்டைக்காரர், சந்தேகப் பேர்வழி. "என்னம்மா, ஒரே வாரத்துல மாவட்டமே அறிவாளி ஆயிருச்சு?"ன்னாரு. நான் பெருமையா, "நான் சோதிக்கிற ராசி"ன்னேன்.

ஒரு பையன்தான் என் பெருமையில மண்ணைப் போட்டான். மூணாவது படிக்கிறவன். அட்டையை அவன்கிட்ட நீட்டினேன், கவனக்குறைவுல பின்பக்கமாத் திருப்பிக் கொடுத்துட்டேன். பின்பக்கம் வெறும் காலி. அவன் அந்தக் காலி அட்டையைப் பயபக்தியோட பார்த்துக்கிட்டு, ஒரு வார்த்தை விடாம, நிறுத்த வேண்டிய இடத்துல நிறுத்தி, முழுக் கதையையும் சொல்லி முடிச்சான். திருவிழாவுல ராட்டினத்துக்கு வரிசையில நின்ன நேரத்துல, ஏற்கெனவே நான் சோதிச்ச புள்ளைங்க மத்த ஊருப் புள்ளைங்களுக்கெல்லாம் கதையைச் சொல்லிக் கொடுத்திருக்குதுங்க. அட்டையைத் திருப்பிப் பிடிச்சு வாசிடான்னேன். அவனுக்கு என் மேல பரிதாபம் வந்துருச்சு.

"எனக்கு மனப்பாடம்க்கா, அட்டை உங்களுக்குத்தான் வேணும், நீங்களே வெச்சுக்குங்க."

நிலையில்லாத மாவட்டம்

திருச்சியில எங்க மேடம், அதான் ஆய்வுக்குத் தலைவி, தலையில கையை வெச்சுக்கிட்டாங்க. பழைய கதை அட்டை அத்தனையும் செல்லாதுன்னு முடிவாச்சு. ஜூன் மாசம் ரெண்டாவது சுற்று. கோடை லீவுல புள்ளைங்க எவ்வளவு மறக்குதுங்கன்னு பார்க்க, முதல்ல போன அதே வீடுகளுக்குத் திரும்பப் போகணும். அதுக்குப் புதுக் கதை எழுதி, புது அட்டை அடிச்சு, உறையில ஒட்டிக் கொடுத்து, சோதிக்கிற அன்னைக்குக் காலையிலதான் பிரிக்கணும்னு சொல்லிட்டாங்க.

அட்டையோட போச்சா, ஃபாரமும் மாறுச்சு. நாங்க வேலை ஆரம்பிக்கும்போது அரியலூர் தனி மாவட்டம். கட்டுக்கட்டா 'அரியலூர் மாவட்டம்'னு அச்சடிச்சு வெச்சிருந்தோம். பாதி வேலையில, அரியலூரை மறுபடியும் பெரம்பலூரோட சேர்த்துட்டாங்க. ஆரோக்கியமும் நானும் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு டீக்கடை பெஞ்சுல உட்கார்ந்து, ஒவ்வொரு ஃபாரத்துலயும் அரியலூரை அடிச்சுப் பெரம்பலூர்னு எழுதிக்கிட்டிருந்தோம். டீக்கடைக்காரர் ரொம்ப நேரமாப் பார்த்துக்கிட்டே இருந்தாரு. இது என்ன வேலைன்னு கேட்டாரு. புள்ளைங்க போன மாசம் படிச்சது இந்த மாசம் நிலையா நிக்குதான்னு பார்க்கிறோம்னு ஆரோக்கியம் விளக்கினாரு.

"மாவட்டமே ரெண்டு வருஷம் நிக்கல, அஞ்சாப்பு புள்ளைக்குப் படிச்சது நிக்கலியேன்னு வந்துட்டீங்களாக்கும்!"

வாயை மூடச் சொன்னது யாரு

ஜூன் கடைசி வாரம் மறுபடியும் செல்லமுத்து வீட்டு வாசல். பள்ளிக்கூடம் தொறந்து மூணு வாரம் ஆகுது, பொண்ணு அரியலூர்ல இருக்கும், தனம்கிட்ட நேரம் கேட்டுட்டு சாயங்காலமா வரலாம்னு நினைச்சுத்தான் போனேன். போனா, மலர்க்கொடி நாலு ஆட்டைக் கயித்துல பிடிச்சுக்கிட்டு எதிர்ல வருது. என்னைப் பார்த்ததும் கயித்தைச் சுருட்டிக்கிட்டு வேற சந்துல திரும்பிடுச்சு.

"ஸ்கூலுக்குப் போகலியாங்க?"ன்னேன். தனம் முறத்துல கம்பு புடைச்சுக்கிட்டிருந்தாங்க, நிமிரல. "நீங்கதான் வரலைன்னுட்டீங்களே. அப்பவே முடிவு பண்ணிட்டாரு. ஆடு வாங்கிக் கொடுத்திருக்காரு. இந்த மாசம் முப்பதோட ஆறாவதுக்குச் சேர்க்கிறது முடியுதாம், டீச்சரு ஆளனுப்பிச்சும் அசையல." முப்பதுக்கு அஞ்சு நாள்தான் இருந்துச்சு. "அஞ்சு வருஷம் பள்ளிக்கூடம் போயிருக்குல்ல, எழுதுமே?"ன்னேன். "எழுதும். பக்கத்துல பார்த்து எழுதுறான்னு இவரு சொல்றாரு. ரெண்டு டீச்சரு, அஞ்சு கிளாசு, யாரு நின்னு பார்த்தா?" முறத்தைக் கீழ வெச்சாங்க. அவளுக்கு வாய் திக்கும், வேத்து ஆளுக முன்னால சுத்தமாப் பேச்சே வராது, வீட்டுலயே ஒரு வார்த்தைக்கு ஒரு நாழி ஆகும்னு அப்பதான் சொன்னாங்க. பத்து எண்ணினதும், முட்டை போட்டதும் எனக்கு வரிசையா ஞாபகம் வந்துச்சு. ஏங்க அன்னைக்கே சொல்லலன்னு கேட்டேன், வெக்கம் கெட்டுப் போய்.

"சொல்லத்தானேம்மா வந்தேன், நீங்கதான் வாயை மூடிக்கிட்டு அந்தாண்ட நிக்கச் சொன்னீங்க."

டிக்கெட்டைத் தின்ன எருமை

எனக்குப் போக மனசில்ல. அந்தத் தெருவுல இன்னும் ரெண்டு புள்ளைங்க என் லிஸ்ட்ல இருந்ததுங்க, அதுங்களைப் பார்க்கிற சாக்குல செல்லமுத்து வர்ற வரைக்கும் உட்கார்ந்திருக்கலாம்னு வேப்பமரத்தடியில பாயைப் போட்டேன். பக்கத்து வீட்டுப் பொண்ணு சுதா, காய்ச்சல்னு ஸ்கூலுக்கு லீவு போட்டது, முதல்ல வந்துச்சு. உறையைப் பிரிச்சுப் புதுக் கதையை எடுத்தேன். அதுவரைக்கும் அந்த ஊர்ல யாரும் பார்க்காத கதை. ஒரு எருமை பஸ்ஸுல ஏறுது. கண்டக்டர் டிக்கெட் கொடுக்குறாரு. எருமை டிக்கெட்டைத் தின்னுடுது. 'இன்னொரு டிக்கெட் கொடுங்கள், கொஞ்சம் உப்புப் போட்டு' அப்படின்னு கேட்குது. அவ்வளவுதான்.

சுதா ஒவ்வொரு எழுத்தா இழுக்குது. "எ... ரு... மை... எருமை. ப... பஸ்... பஸ்ஸில்..." கேட்டுக்கிட்டிருந்தா நமக்கே கொட்டாவி வரும். நான் வாட்சைப் பார்த்துக்கிட்டிருக்கேன். எருமை இன்னும் படிக்கட்டுல கூட ஏறல. எனக்குப் பின்னால ஒரு சிரிப்புச் சத்தம்! அடக்க முடியாம மூக்கு வழியா வெடிக்கிற சிரிப்பு. திரும்பிப் பார்த்தா மலர்க்கொடி. ஆட்டுக் கயித்தைக் கையில சுத்திக்கிட்டு, சுதா தோளுக்கு மேல எட்டி அட்டையைப் பார்த்துக்கிட்டு, வாயைப் பொத்திக்கிட்டுக் குலுங்குது. சுதா கண்டக்டர்கிட்டயே வரல, இது உப்புக்கே போயிருச்சு! வாசிக்கத் தெரியாத புள்ளை எதைப் பார்த்துச் சிரிக்கும்? "மலரு, எதுக்குச் சிரிச்ச?"ன்னு மெதுவாக் கேட்டேன். பேசல. விரலை நீட்டி, அட்டையில 'உப்பு'ன்னு இருந்த இடத்துல வெச்சுச்சு. எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. சுதாவுக்கு ஒரே எரிச்சல்.

"அக்கா, அவ கடைசி வரியைப் பார்த்துட்டா, எனக்கு மட்டும் முதல்லேருந்து வாசிக்கச் சொல்றீங்க!"

செல்லமுத்து வைத்த பரீட்சை

நாலரைக்குச் செல்லமுத்து வந்தாரு, உடம்பெல்லாம் வெள்ளைப் புழுதி. மேல தண்ணி ஊத்திக்கிட்டு வர்ற வரைக்கும் பொறுத்திருந்து எல்லாத்தையும் சொன்னேன். நான் பத்து எண்ணினது, முட்டை போட்டது, தப்பு என்னுதுதான், பொண்ணுக்கு நல்லா வாசிக்க வருது, கால்ல வேணா விழுறேன், ஸ்கூல்ல சேர்த்துடுங்கன்னேன். அவரு அசையல. "அன்னைக்கு வரலைன்னீங்க, இன்னைக்கு வருதுங்கிறீங்க. எதைங்க நம்புறது? சிரிச்சாளாம்! எந்தப் புள்ளதான் சிரிக்காது?" அவரு கேட்டதும் நியாயம்தானே. "சரி, வாயே வேணாம். நீங்களே ஒரு பரீட்சை வைங்க. நீங்க சொல்றதை நான் எழுதுறேன், அவ வாசிச்சுட்டு அதே மாதிரி செய்யட்டும்"னேன். அவருக்கு அந்த யோசனை பிடிச்சிருந்துச்சு. "ஏய் தனம், புள்ளையைத் திருப்பி நிக்க வையி. கண்ணால ஜாடை காட்டின, நடக்கிறதே வேற"ன்னு அதட்டிட்டு, என்னை மாட்டுக் கொட்டாய்க்குப் பின்னால தள்ளிக்கிட்டுப் போய்க் காதுல கிசுகிசுத்தாரு. ஒண்ணு, செவலை ஆட்டை அவுத்துக் கொட்டாயில கட்டணும். ரெண்டு, குடத்து மேல இருக்கிற சொம்பைக் கவுத்து வைக்கணும். மூணாவதுக்கு ரொம்ப நேரம் யோசிச்சாரு. "எங்க அண்ணன் வூட்டுக்குப் போயி சைக்கிள் பம்பு வாங்கிட்டு வரணும்னு எழுதுங்க. வரப்புத் தகராறுல ரெண்டு வருஷமா பேச்சுவார்த்தை கிடையாது. அவளா அங்க ஒருக்காலும் போக மாட்டா."

சீட்டை மலர்க்கொடி கையில கொடுத்தேன். பார்த்துச்சு. நேரா போய்ச் செவலையை அவுத்துக் கொட்டாயில கட்டிட்டு வந்துச்சு. சொம்பைக் கவுத்துச்சு. அப்புறம் சீட்டைப் பார்த்துச்சு, அப்பனைப் பார்த்துச்சு, மறுபடியும் சீட்டைப் பார்த்துச்சு. கண்ணு ரெண்டும் விரிஞ்சு போச்சு. தெருவுல இறங்கி நாலாவது வீட்டுக்குள்ள நுழைஞ்சிடுச்சு. செல்லமுத்து வாசல்லேருந்து எட்டிப் பார்க்கிறாரு, உள்ள வர்றாரு, மறுபடியும் எட்டிப் பார்க்கிறாரு. கொஞ்ச நேரத்துல பம்போட பொண்ணு வருது, பொண்ணு பின்னாலயே, கையில அந்தச் சீட்டோட அவங்க பெரியப்பா வர்றாரு. "ஏண்டா செல்லமுத்து, பஞ்சரா? நேர்ல வந்து கேட்டா குறைஞ்சா போயிருவ?" செல்லமுத்து, "வா, உக்காரு"ன்னாரு. தனம் முந்தானையை வாயில வெச்சுக்கிட்டு அழுறாங்களா சிரிக்கிறாங்களான்னு தெரியல.

மலர்க்கொடி என் பேனாவைக் கையிலேருந்து உருவிக்கிச்சு. பெரியப்பாகிட்டேருந்து சீட்டை வாங்கி, பின்பக்கத்துல ஒரு வரி எழுதி அப்பன்கிட்ட நீட்டுச்சு. அவருக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும். என்னைப் பார்த்தாரு. எனக்கு நாக்கு நுனியில இருக்கு, படிச்சுக் காட்ட எவ்வளவு நேரம்? பல்லைக் கடிச்சுக்கிட்டு, "நீயே வாசிச்சுச் சொல்லு மலரு"ன்னேன். உதடு துடிச்சுச்சு, கழுத்து நரம்பு புடைச்சுச்சு. "நா... நா... நா..." பழக்க தோஷத்துல நான் மனசுக்குள்ள எண்ண ஆரம்பிச்சேன். பத்து தாண்டிச்சு, இருபது தாண்டிச்சு, எண்ணுறதை விட்டுட்டேன். செல்லமுத்து குத்த வெச்சு உட்கார்ந்து அவ மூஞ்சையே பார்த்துக்கிட்டிருந்தாரு. "நா... நானும் ஆ... ஆறாவது... ப... ப... படிக்கிறேம்ப்பா." முடிச்சப்ப அதுக்கு மூக்கு நுனியெல்லாம் வேர்த்துப் போச்சு. அவரு சீட்டை வாங்கிச் சட்டைப் பையில வெச்சுக்கிட்டாரு. அப்புறம் என் பக்கம் திரும்பினாரு.

"நாளைக்கு அரியலூருக்கு நீங்களும் கூட வாங்க டீச்சரம்மா, அங்கயும் எவளாவது பத்து எண்ணிட்டு முட்டை போட்டுரப் போறா."

ஆறாவதுக்கு ஒரு அட்மிஷன்

மறுநாள் என் லிஸ்ட்ல வேற ஊரு. ஆரோக்கியத்துக்கிட்ட உண்மையைச் சொல்லி, அவரு தலையில அந்த ஊரைக் கட்டிட்டு அரியலூர் போனேன். செல்லமுத்து பொங்கலுக்கு எடுத்த சட்டையில வந்திருந்தாரு, தனம் பொண்ணுக்குத் தலை சீவி ரெட்டைச் சடையை மடிச்சுக் கட்டியிருந்தாங்க. ஹெட்மிஸ்ட்ரஸ் ரூம் வாசல்ல பெரிய வரிசை. அந்த அம்மா கண்ணாடியை மூக்கு நுனியில போட்டுக்கிட்டு, ஒவ்வொருத்தரையா வெரட்டுற வேகத்தைப் பார்த்தா, பத்து என்ன, மூணு கூட எண்ண மாட்டாங்க போலிருந்துச்சு.

எங்க முறை வந்துச்சு. "பேரென்ன பாப்பா?" மலர்க்கொடி வாயைத் திறந்துச்சு. "ம... ம... ம..." பின்னால வரிசையில ஒருத்தர், "கொஞ்சம் சீக்கிரம்"னு முனகினாரு. நான் சொல்லிடலாமான்னு வாயைத் திறக்கிறேன், செல்லமுத்து என் முன்னால கையை நீட்டித் தடுத்துட்டாரு. "அவளே சொல்லுவாங்க டீச்சர், கொஞ்சம் நேரம் ஆகும்"னாரு, தலையை நிமிர்த்திக்கிட்டு. அந்த அம்மா பேனாவை மூடிக் கீழ வெச்சாங்க. கண்ணாடியைக் கழட்டினாங்க. போச்சுடான்னு நினைச்சேன். நாற்காலியில சாய்ஞ்சு உட்கார்ந்துக்கிட்டு, வரிசையில முனகினவரை ஒரு முறை முறைச்சாங்க, அப்புறம் பொண்ணைப் பார்த்துச் சிரிச்சாங்க.

"நிதானமாச் சொல்லு கண்ணு, சாயங்காலம் வரைக்கும் எனக்கு இந்த நாற்காலிதான்."

மத்த முட்டைகள்

மலர்க்கொடி பேரைச் சொல்லிடுச்சு. ஆறாவதுல சேர்ந்துடுச்சு. நான் அந்த வாரமே திருச்சிக்குப் போய் மேடம் முன்னால நின்னு, ஃபாரத்தை நீட்டி, மூணு விதியில நான் மீறினது ஒண்ணு, மீறாம இருந்து கெடுத்தது ரெண்டுன்னு ஒப்பிச்சேன். வேலை போச்சுன்னே முடிவு பண்ணி, பையில இருந்த ஸ்டாப் வாட்சையும் எடுத்து மேஜை மேல வெச்சுட்டேன். மேடம் திட்டல. ஃபாரத்துல நாலு சைபருக்கும் பக்கத்துல, எருமைக் கதைக்கு அவ சிரிச்சதைப் பத்தி மார்ஜின்ல நான் எழுதியிருந்ததை ரெண்டு தடவை வாசிச்சாங்க. அப்புறம் எழுந்து போய், அலமாரியில இருந்த பழைய ஃபாரக் கட்டு அத்தனையையும் எடுத்து மேஜையில போட்டு, வாட்சை என் பக்கமே தள்ளிவிட்டாங்க. முட்டை போட்ட ஒவ்வொரு வீட்டுக்கும் நானும் ஆரோக்கியமும் மறுபடியும் போனோம். இந்தத் தடவை சத்தமில்லாம வாசிக்கிறதுக்கும் ஒரு அட்டை இருந்துச்சு, புள்ளை அதைப் படிச்சுட்டு அதுல சொல்ற மாதிரி செஞ்சு காட்டணும். சில முட்டை முட்டையாவே இருந்துச்சு. சில வீட்டுல சொம்பு கவுந்துச்சு, கதவு சாத்திக்கிச்சு, ஒரு வீட்டுல ஒரு பொண்ணு அட்டையில போட்டிருந்தபடி அவங்க அப்பா மீசையை முறுக்கி விட்டுட்டு ஓடிப்போச்சு. ஆனா மேடம் அந்தக் கட்டுகளை மேஜையில போட்டப்ப கேட்டாங்களே ஒரு கேள்வி, அதை நினைச்சா இன்னைக்கும் எனக்குப் பகீர்னுதான் இருக்கு.

"இவ சிரிச்சதால நமக்குத் தெரிஞ்சுது, சிரிக்காத புள்ளைங்களை என்னம்மா பண்ணி வெச்சிருக்கோம்?"

புள்ளைங்க எப்படிக் கத்துக்குதுன்னு திருச்சியில கேட்டா தடித்தடியா ரிப்போர்ட் எடுத்துக் கொடுப்பாங்க, என்னைக் கேட்டா, பக்கத்துல நிக்கிற பெரியவங்க அவசரப்படாம இருந்தாலே போதும், அதுங்க பாட்டுக்குக் கத்துக்கிட்டுத்தான் இருக்கும்.